ஓட்டு நம்முடையது, உறுதிமொழி யாருக்கு?

அமெரிக்காவில் குடியரசுக் கட்சி சார்பில் தேர்தலில் நிற்பவர்களிடம் ஒரு தாள் நீட்டப்படுகிறது. ‘வருமான வரியை உயர்த்தும் எந்த முயற்சியையும் எதிர்ப்பேன்’ என்பது அதன் சாரம். குரோவர் நார்குவிஸ்ட் என்பவர் 1986 முதல் அதில் கையெழுத்து வாங்கி வருகிறார். அவர் மக்கள் தேர்ந்தெடுத்த பிரதிநிதி அல்ல. வரி எதிர்ப்பு அமைப்பு ஒன்றை நடத்துபவர். ஆனாலும் 2012-இல் அமெரிக்க நாடாளுமன்றத்தில் இருந்த குடியரசுக் கட்சியினரில் மிகச் சிலரைத் தவிர எல்லோரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

1988-இல் புதிய வரி கிடையாது என்று மேடையில் முழங்கினார் மூத்த புஷ். 1990-இல் வரி உயர்வுக்கு ஒப்புக்கொண்டார். 1992-இல் தோற்றார். தோல்விக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் கட்சிக்காரர்கள் எடுத்துக்கொண்ட பாடம் ஒன்றுதான். 2011 ஆகஸ்டில் அயோவா விவாத மேடையில் எட்டு வேட்பாளர்களிடம் கேட்டார்கள்: பத்து டாலர் செலவைக் குறைத்து ஒரு டாலர் மட்டும் வரியை உயர்த்தும் உடன்பாடு வந்தால்கூட மறுப்பவர்கள் யார்? எட்டுப் பேரும் கை தூக்கினார்கள்.

இந்தக் கட்டுப்பாட்டுக்குப் பின்னால் பணம் இருக்கிறது. 2017-இல் கம்பெனி வரியை 35 சதவீதத்திலிருந்து 21 ஆகக் குறைக்கும் மசோதா வந்தபோது, நியூயார்க் உறுப்பினர் கிறிஸ் காலின்ஸ் நிருபர்களிடம் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார்: இதை முடித்துக் கொடு, இல்லையென்றால் இனி எங்களைக் கூப்பிடாதே என்கிறார்களாம் அவருக்கு நன்கொடை தருபவர்கள். ஓட்டுப் போட்ட ஏழை அப்படி ஒரு வார்த்தை பேச முடியுமா?

வரிக்குறைப்பு வெறும் கணக்கு விவகாரம் என்று சொல்வார்கள். நம்பாதீர்கள். வெள்ளையர் மேலாதிக்கத்தை நிலைநாட்டவே என்று வெளிப்படையாக அறிவித்து 1901-இல் எழுதப்பட்ட அலபாமா மாநில அரசியலமைப்பு, சொத்து வரிக்கும் உச்சவரம்பு கட்டியது. வெள்ளையரின் சொத்து கறுப்பர் பிள்ளைகளின் பள்ளிக்குப் போய்விடக் கூடாதல்லவா! பின்னாளில் புஷ்ஷின் 1988 பிரச்சாரத்தை நடத்திய லீ அட்வாட்டர், 1981-இல் ஒரு பேட்டியில் உண்மையைப் போட்டு உடைத்தார். கறுப்பரை வசைச்சொல்லால் திட்டி ஓட்டு வாங்கும் காலம் போய், வரிக்குறைப்பு என்று பேசும் காலம் வந்துவிட்டது. அதிலும் வெள்ளையரைவிடக் கறுப்பருக்கே அடி அதிகம் என்பதே அவர் சொன்னதன் பொருள்.

கறுஞ்சிறுத்தைகளைப் பார்த்து 1972-இல் தலித் சிறுத்தைகள் எழுந்த மண் இது. அவர்கள் கதையில் நம் கதையைப் படிக்க நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரே வித்தியாசம், இங்கே தாளும் பேனாவும்கூடத் தேவைப்படவில்லை.

2024 தேர்தல் நேரத்தில் சாம் பிட்ரோடா அமெரிக்காவின் வாரிசுரிமை வரியைப் பற்றி ஒரு பேச்சு பேசினார். மக்களின் சொத்தைப் பிடுங்கப் போகிறார்கள் என்று பாஜக கூச்சலிட்டது. அப்படி ஒரு திட்டமே எங்களிடம் இல்லை என்று காங்கிரஸ் பதறியடித்து மறுத்தது. எதிரும் புதிருமாக நின்ற இரண்டு கட்சிகளும் பணக்காரர்களுக்கு ஒரே உறுதிமொழியைக் கொடுத்தன. நம் நாட்டில் இருந்த வாரிசுச் சொத்து வரியை 1985-இல் ஒழித்தது காங்கிரஸ் அரசு. செல்வ வரியை 2015-இல் ஒழித்தது பாஜக அரசு.

2019 செப்டம்பரில் கம்பெனி வரி 30 சதவீதத்திலிருந்து 22 ஆகக் குறைக்கப்பட்டது. ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி ரூபாய் வருவாய் போகும் என்று அரசே சொன்னது. அதற்கு முன்பே, 2017-இல், கம்பெனிகள் கட்சிகளுக்குத் தரும் நன்கொடைக்கு இருந்த உச்சவரம்பு நீக்கப்பட்டுவிட்டது. கொடுத்தவர் பெயர் மக்களுக்குத் தெரியாதபடி தேர்தல் பத்திரமும் வந்தது. 2024 பிப்ரவரி 15-இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்வதற்குள் 16,000 கோடிக்கு மேல் கைமாறிவிட்டது. ஏறக்குறையப் பாதி பாஜகவுக்கு. சமூகநீதி பேசும் திமுகவுக்கு 656.5 கோடி, அதில் 509 கோடி ஒரே லாட்டரி நிறுவனத்திடமிருந்து. எந்த நன்கொடைக்கு எந்தச் சலுகை என்று நாம் ரசீது காட்ட முடியாமல் இருக்கலாம். ரசீதே இருக்கக் கூடாது என்பதற்காகத்தானே அந்தப் பத்திரம்!

செல்போன் ரீசார்ஜுக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி. தூய்மைப் பணியாளரும் கட்டுகிறார், கோடீஸ்வரரும் கட்டுகிறார். நம் பிள்ளைகளின் உதவித்தொகை, விடுதிக் கட்டடம், சேரிக்குக் குடிநீர் என்று கேட்டால் மட்டும் நிதி இல்லை என்ற பதில் வருகிறது. மக்கள்தொகை விகிதத்துக்கு ஏற்ப நமக்கு நிதி ஒதுக்கும் சிறப்புக் கூறுத் திட்டம் 1979-80-இல் தொடங்கியது. அதைக் கட்டாயமாக்கும் மத்தியச் சட்டம் இன்றுவரை இல்லை.

மக்களவையில் நமக்கு 84 தனித்தொகுதிகள் இருக்கின்றனவே என்பார்கள். இரட்டை வாக்குரிமையைப் புனா ஒப்பந்தத்தில் பறிகொடுத்த பிறகு, தனித்தொகுதி வேட்பாளரைத் தேர்ந்தெடுப்பது கட்சித் தலைமை. செலவு செய்வது கட்சிப் பணம். வேட்பாளர் செலவுக்குச் சட்டத்தில் வரம்பு உண்டு, கட்சியின் செலவுக்குக் கிடையாது. வென்றபின் கொறடா உத்தரவை மீறி நிதி மசோதாவுக்கு எதிராக ஓட்டுப் போட்டால், 1985-இல் வந்த கட்சித்தாவல் தடைச் சட்டத்தில் பதவியே போகும். வாரிசு வரி ஒழிந்ததும் அதே ஆண்டுதான். நம் உறுப்பினர் நல்லவரா கெட்டவரா என்பதல்ல கேள்வி. அவரது வாய் யாருடைய செலவில் கட்டப்பட்டிருக்கிறது என்பதே கேள்வி.

அரசியலில் சமத்துவமும், சமூக, பொருளாதார வாழ்வில் சமத்துவமின்மையுமாக முரண்பட்ட வாழ்க்கைக்குள் நுழைகிறோம் என்று 1949 நவம்பர் 25-இல் எச்சரித்தார் அண்ணல் அம்பேத்கர். ஒருவருக்கு ஒரு ஓட்டு என்பதன் மதிப்பை இன்று நன்கொடை தின்றுகொண்டிருக்கிறது.

பணக்காரர்கள் உறுதிமொழி வாங்குகிறார்கள் என்றால் நாமும் வாங்குவோம். அடுத்த தேர்தலில் நம் தெருவுக்குள் வரும் ஒவ்வொரு வேட்பாளரிடமும் மூன்றே கேள்விகளை எழுதி நீட்டுவோம். சிறப்புக் கூறு நிதிக்கு மத்தியச் சட்டம் கேட்டு அவையில் பேசுவீர்களா? பெருஞ்செல்வத்துக்கும் வாரிசுச் சொத்துக்கும் வரி வேண்டும் என்பீர்களா? உங்கள் கட்சிக்கு யார் பணம் கொடுத்தார்கள் என்று தேர்தலுக்கு முன்பே சொல்வீர்களா? கையெழுத்துப் போட்டவர் பெயரையும் மறுத்தவர் பெயரையும் ஊருக்கு ஊர் சுவரில் எழுதுவோம். சால்வைக்கும் சிலைக்கு மாலை போடுவதற்கும் இனி ஓட்டு இல்லை.