பதம் பார்க்கும் கம்பியில் சிக்கனம் வேண்டாம்

கவுந்தப்பாடிப் பக்கம் கரும்பாலை நடத்துபவன் நான். கொப்பரைக்கு வெப்ப சென்சார் வாங்கும் உழவர்கள் விலையை மட்டும் பார்ப்பது எனக்குக் கவலை தருகிறது. உருண்டை வெல்லத்துக்குப் பாகை ஏறத்தாழ 118 டிகிரி செல்சியஸில் இறக்கலாம். நாட்டுச் சர்க்கரைக்கு 120-ஐத் தொட வேண்டும். இடைவெளி இரண்டே டிகிரி. சாதாரண கே வகை தெர்மோகப்பிளுக்கோ தர விதியே 2.5 டிகிரி பிசகை அனுமதிக்கிறது! மின்தடையை வைத்துச் சூட்டை அளக்கும் ஏ தர பிடி-100 சென்சார் அந்தச் சூட்டில் அரை டிகிரிக்குள் நிற்கும். மூன்று கம்பி உள்ளதையே கேளுங்கள். இரண்டு கம்பியில் ஒயரின் மின்தடையும் சூடாகக் கணக்கில் ஏறிவிடும். பதம் மீறினால் பாகு கறுக்கும். பிறகு வெளுக்க ஹைட்ரோஸ் ரசாயனத்தைத் தேடத் தோன்றும். பழநி பஞ்சாமிர்தத்துக்குப் போகும் சர்க்கரை நம்முடையது; அதில் ரசாயனம் சேரக் கூடாது. காய்ச்சுபவரின் கைப்பதத்துக்குத் துணையாக நல்ல சென்சார் வாங்க, வேளாண் பொறியியல் துறை மானியம் தர வேண்டும்.