சனம் கதைக்கட்டும், உன் பெறுமதி அதில் இல்லை

"சனம் என்ன கதைக்கும்?" குரோருட்டில் வளர்ந்த எங்களில் எத்தனை பேர் பாடத்தெரிவு முதல் கலியாணம் வரை இந்த ஒரே கேள்விக்குப் பயந்து முடிவெடுத்திருக்கிறோம்!

நோர்வேப் பள்ளிகளில் ஏழாம் வகுப்பு வரை புள்ளியே போடுவதில்லை. ஆனால் எங்கட பிறந்தநாள் விழாக்களில் ஆளாளுக்குப் புள்ளி போடுகிறோம்: ஆர் மெடிசின், ஆர் வீடு வாங்கிட்டான், ஆருக்கு இன்னும் சரிவரவில்லை.

நோர்வேக்காரர் மட்டும் விடுதலையானவர்களா? அக்செல் சாண்டெமூசே 1933இல் ஒரு நாவலில் எழுதிய 'யான்டே சட்டம்' இன்றும் இங்கே பேசப்படுகிறது. உன்னைப் பெரிய ஆளாக நினைக்காதே என்பதே அதன் சாரம். வீடு "மற்றவனை விட மேலே போ" என்கிறது. வெளியே "மேலே என்று நினைக்காதே" என்கிறார்கள். இரண்டிலும் அளவுகோல் மற்றவன்தான்.

கிறிஸ்தவ விசுவாசம் அந்த அளவுகோலையே முறிக்கிறது. மாற்கு முதலாம் அதிகாரத்தை வாசித்துப் பார். யோர்தானில் பிதா இயேசுவைத் தன் நேசகுமாரன் என்கிறபோது, அந்தச் சுவிசேஷத்தில் அவர் இன்னும் ஒரு அற்புதமும் செய்யவில்லை. அன்பு முதலில், வேலை பிறகு. கிறிஸ்துவுக்குள் நாமும் பிள்ளைகள் என்றால், இந்த ஒழுங்கு எங்களுக்கும் உரியது.

இது வெறும் ஆறுதல் பேச்சல்ல. விவசாயி மகன் ஹான்ஸ் நீல்சன் ஹவுகே 1796இல் வயலில் நின்றபோது கடவுளின் அழைப்பை உணர்ந்தார். குருப்பட்டம் இல்லாமலே ஊரூராகப் பிரசங்கித்தார். 1741ஆம் ஆண்டுச் சட்டத்தைக் காட்டி 1804இல் பிடித்து வருடக்கணக்காகச் சிறைவைத்தார்கள். அந்தச் சட்டம் 1842இல் நீக்கப்பட்டபோது அவர் இறந்து 18 வருடம். இன்று ஒஸ்லோவில் அவர் பெயரில் தெரு இருக்கிறது. அங்கீகாரம் வரட்டும் என்று காத்திருந்தால் அவர் வாயே திறந்திருக்க மாட்டார்.

சபைகளுக்கும் ஒரு வார்த்தை. பரீட்சையில் வென்றவனை மட்டும் சாட்சி சொல்ல மேடைக்கு அழைத்தால், தோற்றவன் கடவுளையும் அந்த 'நாலு பேரில்' ஒருவராகத்தான் நினைப்பான்.

"அப்ப படிக்கத் தேவையில்லையா?" என்று கேட்பாய். படி, நல்லாப் படி. நான் ஐடி கன்சல்டன்ட். என் மணித்தியாலத்துக்கு விலை உண்டு, அதை உயர்த்தவும் பாடுபடுகிறேன். ஆனால் அது என் வேலையின் விலை, என் விலை அல்ல.

தம்பி, தங்கச்சி, சராசரிப் புள்ளி குறைந்தால் நோர்வேயில் அந்தப் பாடத்தைத் தனியாகத் திரும்ப எழுதலாம். "நான் ஒன்றுக்கும் உதவாத ஆள்" என்ற தீர்ப்பை மட்டும் கையெழுத்துப் போட்டு ஏற்காதே. அதை எழுத எந்தச் சனத்துக்கும் அதிகாரமில்லை.