யுபிஐ நோட்டீசும் இருநூறு ரூபாய் பில்லும்

பெங்களூருக் கடைகளில் 2025 ஜூலை மாதம் ‘யுபிஐ இல்லை, ரொக்கம் மட்டும்’ என்று அட்டை தொங்கத் தொடங்கியதிலிருந்து, வரி ஆலோசகர்களான நம் வாசகர்களின் கட்சிக்காரர்கள் ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்: “சார், கியூஆர் கோடை எடுத்துடலாமா?” 2021-22 முதல் 2024-25 வரையிலான யுபிஐ வரவுகளைக் கர்நாடக வணிகவரித் துறை திரட்டியது. சரக்குக்கு 40 லட்சம், சேவைக்கு 20 லட்சம் என்ற ஜிஎஸ்டி வரம்பைத் தாண்டியும் பதிவு பெறாதவர்களுக்கு ஆயிரக்கணக்கில் நோட்டீஸ் போனது. காய்கறி, பால் விற்பவர்களும் அதில் இருந்தார்கள். முதலமைச்சர் சித்தராமையா 23ஆம் தேதி வணிகர்களை அழைத்துப் பேசி, பழைய பாக்கிக்காக நெருக்க மாட்டோம், ஆனால் பதிவு செய்துகொள்ளுங்கள் என்றார். வணிகர்கள் அறிவித்திருந்த கடையடைப்பு கைவிடப்பட்டது.

அரசியலாக அது முடிந்திருக்கலாம். சட்டமாக முடியவில்லை. பதிவு பெறாதவரை மதிப்பிடும் ஜிஎஸ்டி சட்டத்தின் 63வது பிரிவு, ஆண்டறிக்கைக் கெடுவிலிருந்து ஐந்து ஆண்டுகள் அவகாசம் தருகிறது. வரியில் பாதி மத்திய ஜிஎஸ்டி. அதை விட்டுக்கொடுக்கும் அதிகாரம் எந்த மாநில முதலமைச்சருக்கும் இல்லை. கர்நாடகம் எடுத்த அதே தரவை நாளை எந்த மாநிலமும் எடுக்கலாம். ஆகவே இந்த இதழின் நிலையை இப்போதே சொல்லிவிடுகிறோம்: கியூஆர் கோடு இருக்கட்டும். இல்லாமல் இருப்பது கணக்கு. அதைக் கொண்டுவருவதுதான் நம் வேலை.

கோடை எடுத்துவிடுவதால் பழைய வரவு அழியாது. நாளைய வரவு சட்டென்று சரிந்தால் அதுவே இன்னொரு கேள்விக்கு வழி. வருமான வரியில் 44ஏடி தரும் 6 சதவீதச் சலுகை வங்கி வழியாக வரும் தொகைக்குத்தான்; ரொக்கமானால் 8. ரொக்கம் 5 சதவீதத்துக்குள் இருந்தால்தான் 2 கோடி வரம்பு 3 கோடியாகும். சிறு வணிகரிடம் யுபிஐ வாங்கு என்று சொன்னதும் அரசுதான். 2,000 ரூபாய் வரையிலான பரிவர்த்தனைகளுக்கு 0.15 சதவீத ஊக்கத்தொகை என்று 2025 மார்ச்சில் மத்திய அமைச்சரவை சுமார் 1,500 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. ஒரு கை தட்டிக்கொடுத்த அதே விற்பனையை மறு கை நோட்டீசாக நீட்டுகிறது.

யுபிஐ வரவு முழுவதும் விற்றுமுதல் ஆகாது. மைத்துனர் அனுப்பிய கைமாற்று, சீட்டுப் பணம், பக்கத்துக் கடைக்காரருக்குச் சில்லறை கொடுத்துவிட்டு வாங்கிய ஐநூறு எல்லாம் அதே கணக்கில்தான் விழுகின்றன. வாதம் சரி, ஆனால் அதை நிரூபிக்க ஏதாவது வேண்டும். 35வது பிரிவின் கணக்குக் கடமை பதிவு பெற்றவருக்கு. பதிவு பெறாதவர்களில் கிடங்கு வைத்திருப்பவரையும் சரக்கு ஏற்றிச் செல்பவரையும் மட்டுமே அது சேர்த்துக்கொள்கிறது. பதிவு பெறாத பெட்டிக்கடைக்காரரை ஜிஎஸ்டி சட்டம் எந்தப் புத்தகமும் வைக்கச் சொல்லவில்லை. நான்கு ஆண்டு கழித்து வந்து, எது விற்பனை, எது கைமாற்று என்று காட்டு என்கிறது. அவர் கையில் இருப்பது வங்கி ஸ்டேட்மென்ட் ஒன்றுதான். அதுவோ எதிர்த்தரப்பு சாட்சி.

வரம்பு ஏதோ பெரிய வியாபாரத்துக்கானது என்ற நினைப்பையும் விட வேண்டும். டீக்கடை நடத்துவது சேவை. 20 லட்சம் என்றால் நாளுக்கு 5,480 ரூபாய். சந்தடியுள்ள பேருந்து நிறுத்தத்தில் அது மதியத்துக்குள் ஆகிவிடும். புதுச்சேரி வாசகர்களுக்குச் சரக்கிலும் 40 இல்லை, 20தான். காய்கறி மட்டுமே விற்பவரை 23வது பிரிவு காப்பாற்றும். ஆனால் காய்கறிக் கூடைக்குப் பக்கத்தில் நாலு பாக்கெட் பிஸ்கட், ஒரு கேஸ் கூல்டிரிங்ஸ் வைத்துவிட்டால் 2(6) புகுந்துகொள்ளும். விலக்குப் பெற்ற காய்கறியும் மொத்த விற்றுமுதலில் சேரும். ‘முழுக்க விலக்குப் பொருள்’ என்பதற்கு என்ன ஆதாரம்? கொள்முதல் சிட்டையும் அன்றாட விற்பனைக் குறிப்பும்தான்.

இதில் நம் தரப்புத் தவறும் உண்டு. ‘44ஏடி போட்டாச்சு, புத்தகம் வேண்டாம்’ என்பது நம் அலுவலகங்களில் வேதவாக்காகிவிட்டது. அந்தப் பிரிவு லாபத்தை அனுமானிக்கிறது, விற்பனையை அனுமானிப்பதில்லை. ஐடிஆர்-4 வங்கி வழி எவ்வளவு, ரொக்கம் எவ்வளவு என்று பிரித்துக் கேட்கிறது; கையிருப்புச் சரக்கு, கடன்காரர், கைரொக்கம் கேட்கிறது; ஜிஎஸ்டி எண் இருந்தால் அதில் காட்டிய விற்றுமுதலையும் கேட்கிறது. மார்ச் கடைசியில் உட்கார்ந்து, கட்சிக்காரர் வாயால் சொன்ன முழு எண்ணை நிரப்புவது கணக்கு அல்ல. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டத்தின் 58வது பிரிவுக்கு மாறினாலும் இந்த நிலை மாறாது.

ஆக, தேவை ஒரு நாள் விற்பனைப் பதிவு. இங்கேதான் இந்த இதழ் பல ஆண்டுகளாகச் சொல்லிவரும் விஷயத்துக்கு வருகிறோம்.

நாள் விற்பனையை ஒரே பில்லில் காட்டும் வழியைச் சட்டமே தந்திருக்கிறது. 31(3)(பி): மதிப்பு 200 ரூபாய்க்குக் குறைவாக இருந்தால், வாங்குபவர் பதிவு பெறாதவராகவும் பில் கேட்காதவராகவும் இருந்தால், தனி பில் வேண்டாம். 46வது விதியின்படி நாள் முடிவில் அத்தனைக்கும் சேர்த்து ஒரு தொகுப்பு பில் போட்டால் போதும். காம்போசிஷன்காரரின் பில் ஆஃப் சப்ளைக்கும் இதே சலுகை. சிறு கடைக்கு இந்தச் சட்டத்தில் இருக்கும் மிக நல்ல ஏற்பாடு இதுதான்.

2017 ஜூலையில் 200 ரூபாய். இன்றும் 200 ரூபாய்.

இந்த எட்டு ஆண்டுகளில் எது மாறவில்லை? பதிவு வரம்பு சரக்குக்கு 20 லட்சத்திலிருந்து 40 ஆனது. காம்போசிஷன் 75 லட்சத்திலிருந்து ஒன்றரைக் கோடிக்குப் போனது. இ-இன்வாய்ஸ் 500 கோடியில் தொடங்கி 5 கோடிக்கு இறங்கியது. ஜிஎஸ்டிஆர்-1இல் வெளிமாநிலப் பெரிய சில்லறை பில்லின் அளவு இரண்டரை லட்சத்திலிருந்து ஒரு லட்சமானது. மல்டிபிளக்ஸ் டிக்கெட்டுக்கு இந்த 200 ரூபாய்ச் சலுகை கிடையாது என்று சொல்ல 46வது விதியையே 2019இல் திருத்தினார்கள். அப்போதும் அந்த எண்ணை யாரும் தொடவில்லை. 2025 செப்டம்பர் 3 அன்று கூடிய ஜிஎஸ்டி கவுன்சிலின் 56வது கூட்டம் நாட்டின் விகித அட்டவணையையே புரட்டிப்போட்டது. மூன்று வேலை நாளில் பதிவு என்றது. 200 ரூபாய் அங்கேயும் பேசப்படவில்லை. 2017இல் இரண்டு பேர் ஓட்டலில் சாப்பிட்டு எழுந்தால் 200க்குள் அடங்கும். இன்று ஒருவர் சாப்பாடே பல ஊர்களில் அந்தக் கோட்டைத் தொடுகிறது. விலைவாசி ஒவ்வொரு ஆண்டும் சத்தமில்லாமல் இந்தச் சலுகையைச் சுரண்டித் தின்கிறது. யாரும் ரத்து செய்யாமலே ரத்தாகிக்கொண்டிருக்கிறது.

மிச்சமிருப்பதையாவது மதிக்கிறார்களா? ஆய்வுக்கு வரும் அலுவலர் ஜிஎஸ்டிஆர்-1இன் டேபிள் 13ஐப் பார்த்து, மாதத்துக்கு 31 பில்தானா என்று கேட்பது நம்மில் எவருக்கும் புதிதல்ல. அந்த 31ஐத்தான் சட்டம் கேட்கிறது என்று விதியைத் திறந்து காட்ட வேண்டியிருக்கிறது. தொகுப்பு பில்லுக்குப் பின்னால் என்ன துணைக்குறிப்பு இருந்தால் போதும் என்று விதி சொல்லவில்லை. அதை விளக்கி ஒரு சுற்றறிக்கை போடுவதற்கு எட்டு ஆண்டு போதவில்லை. பாப்கார்னுக்கும் பரோட்டாவுக்கும் என்ன விகிதம் என்று பக்கம் பக்கமாக விவாதிக்க மட்டும் நேரம் இருக்கிறது.

அலுவலர் வாடிக்கையாளர் போல வந்து வாங்கிப் பார்க்கும் டெஸ்ட் பர்ச்சேஸ் விவகாரத்திலும் இதே கதைதான். பில் இல்லாமல் விற்றால் 122(1)(i) அபராதம் குறைந்தது 10,000, மாநிலச் சட்டத்தில் இன்னொரு 10,000. 180 ரூபாய்ப் பொருளில் 18 சதவீத வரி அடங்கியிருந்தால் அது 27 ரூபாய் சொச்சம். அந்த 27 ரூபாய்க்கு அபராதம் 20,000. 126வது பிரிவு காப்பாற்றும் என்று நம்புகிறவர்கள் அதன் ஆறாவது உட்பிரிவைப் படிக்கட்டும்: நிலையான தொகையாகச் சொல்லப்பட்ட அபராதத்துக்கு அந்தப் பிரிவு பொருந்தாது. வாங்க வந்தவர் பில் கேட்டாரா என்பதில்தான் இந்த வழக்கு நிற்கிறது. 200க்குக் குறைந்த பொருளை வாங்கிக்கொண்டு பில் கேட்காமல் வெளியே போய், அடையாள அட்டையோடு திரும்பி வந்தால் அங்கே குற்றமே நடக்கவில்லை. அபராத ஆணைக்கு எதிராக மேல்முறையீட்டில் முதலில் எழுப்ப வேண்டிய கேள்வி இதுதான்: கேட்கப்பட்டது என்பதற்கு என்ன பதிவு? கணக்கு எழுதவில்லை என்று கடைக்காரரைப் பிடிக்கிறவர்கள், தாங்கள் கேட்டதை எழுதி வைத்திருக்கிறார்களா?

எங்கள் கோரிக்கை இரண்டு. 200ஐ 500 ஆக்குங்கள். அது விதியில் இல்லை, சட்டப் பிரிவிலேயே இருக்கிறது. ஆகவே கவுன்சில் பரிந்துரைத்து, வரும் நிதி மசோதாவில் வைத்து, மாநிலச் சட்டங்களும் திருத்தப்பட வேண்டும். அதற்கு முன்பே ஒரு சுற்றறிக்கையால் ஆகக்கூடியது உண்டு: நாள் விற்பனைப் பதிவோடு கூடிய தொகுப்பு பில்லை ஏற்க வேண்டும் என்று சொல்லிவிடலாம். மாவட்டச் சங்கங்கள் பட்ஜெட் மனுக்களில் இதை முதல் பக்கத்தில் வைக்க வேண்டும். கடைசிப் பத்தியில் ‘மேலும்’ என்று தொடங்கி வைத்தால் யாரும் படிக்க மாட்டார்கள்.

அதுவரை கட்சிக்காரருக்கு என்ன சொல்வது? தையல் போட்ட ஒரு நோட்டு. காலையில் கல்லாவில் இருந்தது, ரொக்க விற்பனை, யுபிஐ விற்பனை, யுபிஐயில் வந்த விற்பனையல்லாத வரவு யாரிடமிருந்து, கல்லாவிலிருந்து கொடுத்த கொள்முதல், இரவில் மீந்தது. வரிப் பொருளும் விலக்குப் பொருளும் தனித்தனிப் பத்தி. 2025 செப்டம்பர் 22 முதல் விகிதம் மாறியிருப்பதால் அன்றைக்கு முந்தைய விற்பனை தனியாகத் தெரிய வேண்டும். கியூஆர் கோடு நடப்புக் கணக்கோடு மட்டும் இணைந்திருக்கட்டும். வீட்டு வரவுக்கு வேறு எண். நோட்டு என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. உதிரித் தாள் கணக்குப் புத்தகமாகாது என்று 1998இல் வி.சி. சுக்லா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இன்னும் நிற்கிறது. ஸ்பைரல் நோட்டைக் கூட அது புத்தகமாக ஏற்றது. தமிழில் எழுதினாலும் பென்சிலில் எழுத வேண்டாம். பதிவு பெற்றவர் ஆண்டறிக்கைக் கெடுவிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும்; 2021-22க்கு அது 2028 டிசம்பர் 31. பதிவு பெறாதவரும் அதே காலம் வைத்திருக்கட்டும். 63வது பிரிவு அவரைத்தான் தேடி வருகிறது.

இந்த இதழ் உங்கள் கைக்கு வரும்போது தீபாவளி வியாபாரம் சூடுபிடித்திருக்கும். தொகுப்பு பில் என்ற உரிமை சட்டத்தில் இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள் என்றுதான் நாங்கள் சொல்ல வேண்டும். ஆனாலும் இயந்திரம் வைத்திருக்கும் கடைக்கு 199 ரூபாய்க்கும் பில் போடவே சொல்லுங்கள். எதிரே நிற்பவர் வாடிக்கையாளரா அதிகாரியா என்பது கல்லாவில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது.