நாதஸ்வரம் என்று எழுதியிருந்தால் நாதஸ்வரமா?

"கீபோர்டு வந்துதான் நம்ம இசை செத்துப் போச்சு." கோல சிலாங்கூர் வட்டாரத்தில் எந்தத் தோட்டக் கோயில் திருவிழாவுக்குப் போனாலும் பந்தியில் ஒரு பெரியவராவது இதைச் சொல்லிவிடுவார். புக்கிட் ரோத்தானில் கேட்டிருக்கிறேன். ஈஜோக்கில் கேட்டிருக்கிறேன். பண்பாட்டுக் கருத்தரங்கில் இதே வாக்கியம் கொஞ்சம் செந்தமிழில் வரும், கைத்தட்டலும் கிடைக்கும். எனக்கு இதில் துளியும் உடன்பாடு இல்லை. ஒரு கருவியைத் திறந்தே பார்க்காதவர்கள் அதன்மேல் கொலைப்பழி போடுகிறோம்.

நான் உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் மின்னணுவியல் படித்தவன். படிக்கும் காலத்தில் ஓர் இசைக்குழுவில் கீபோர்டு வாசித்தேன். ஓர் இரவுக்கு 80 வெள்ளி, சாப்பாடு தனி. முதல் நாளே குழுத் தலைவர் சொல்லிவிட்டார்: "தம்பி, டோன் நம்பர மட்டும் மனப்பாடம் பண்ணிக்க. மத்ததுல கை வைக்காத." நாதஸ்வரத்துக்கு ஒரு நம்பர், புல்லாங்குழலுக்கு ஒரு நம்பர். மூன்று வருடம் கை வைக்கவில்லை. பகலில் ஆய்வகத்தில் ஆசிலோஸ்கோப் திரையில் அலைகளைப் பார்த்துக் குறிப்பெழுதுவேன். இரவில் அதே அலைகளைப் பிறப்பிக்கும் பெட்டியின்மேல் கை வைத்துக்கொண்டு நம்பர் அமுக்குவேன். இரண்டும் ஒன்றுதான் என்று உறைக்க மூன்று வருடம் ஆனது வெட்கக்கேடு.

சிந்தசைசர் டோன்களை அடுக்கிய அலமாரி இல்லை. ஓர் அலையைப் பிறப்பித்து, அதைச் செதுக்குவதுதான் அதன் வேலை. ரம்பப்பல் வடிவ அலையில் அடிப்படை அதிர்வெண் 220 என்றால், அதன் மடங்குகளான 440, 660, 880 எல்லாம் உள்ளே இருக்கும், மேலே போகப்போக பலம் குறைந்துகொண்டே. சதுர அலையில் ஒற்றைப்படை மடங்குகள் மட்டும். அதனால்தான் அது கிளாரினெட் மாதிரி உள்ளே காலியாக ஒலிக்கிறது. ஃபில்டர் வேண்டாத மடங்குகளை வழித்தெடுக்கும். என்வலப், சத்தம் எவ்வளவு வேகத்தில் எழுந்து எப்படி அடங்க வேண்டும் என்று தீர்மானிக்கும். நாதஸ்வரத்துக்கு இரட்டைச் சீவாளி, கூம்புக் குழல். எல்லா மடங்குகளும் அதில் உண்டு. ஆகவே ரம்பப்பல்லில் தொடங்கினேன். சத்தம் ஓரளவு வந்தது, நாதஸ்வரம் வரவில்லை. நாதஸ்வரம் பாதிக்குமேல் சுரங்களுக்கு இடையில்தானே இருக்கிறது? ஒரே நேரத்தில் ஒரு சுரம் மட்டும் ஒலிக்கும்படி வைத்து, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிப்போகும் வேகத்தை மாற்றி மாற்றிப் பார்த்தபிறகுதான் கமகத்தின் சாயல் எட்டிப் பார்த்தது.

உறுமிதான் என்னை ஆட்டிவைத்தது. என் கீபோர்டில் அதற்கு டோனே இல்லை. உறுமியின் ஒரு பக்கத்தை அடிப்பார்கள், மறு பக்கத்தை வளைந்த குச்சியால் தேய்ப்பார்கள். தோல் குச்சியோடு ஒட்டும், வழுக்கும், மறுபடி ஒட்டும். அந்த முனகல் அங்கிருந்து வருகிறது. கீழ்ச்சுருதியில் ஓர் அலையை வைத்து, அதன் சுருதியை என்வலப்பால் மேலே இழுத்து, கொஞ்சம் இரைச்சல் கலந்தேன். உறுமி வாசிக்கும் நண்பனிடம் போட்டுக் காட்டினேன். "தேய்க்கிறப்ப கை களைக்கும்டா. ஒன்னோடது களைக்கவே இல்ல" என்றான். ஒவ்வோர் இழுப்பும் முந்தையதிலிருந்து கொஞ்சம் பிசகும்படி செய்ய இன்னும் இரண்டு வாரம் ஆனது.

பழைய நியாயம் ஒன்று உண்டு. கமகம் பேசாது என்பது ஹார்மோனியத்தின் மீதான பெரிய குற்றச்சாட்டு. அகில இந்திய வானொலி 1940இல் அதைத் தடையே செய்தது. ஹார்மோனிய ரீடு வளையாது, சரி. சிந்தசைசர் வளையும். மும்பையில் சரண்ஜித் சிங் 1982இல் ரோலண்ட் டிபி-303 கருவியின் வழுக்கலை வைத்துக்கொண்டு பத்து ராகங்களை ஓர் இசைத்தட்டாக்கிவிட்டார். அன்று அது விலைபோகவில்லை. உலகம் திரும்பிப் பார்க்க இருபது வருடத்துக்குமேல் ஆனது. 1986இல் 'புன்னகை மன்னன்' படத்தில் இளையராஜாவுக்கு சீக்வென்சர் இயக்கியவர் பத்தொன்பது வயதுப் பையன். பின்னால் அவர் ஏ.ஆர்.ரகுமான். இவர்கள் நம்பர் அமுக்கியவர்கள் இல்லை.

சோம்பல் நமக்கு மட்டும் உரியதல்ல. 1983இல் வந்த யமஹா டிஎக்ஸ்7 கருவியைப் பழுதுபார்க்கத் திறந்தால், பெரும்பாலானவற்றில் கம்பெனி வைத்த ஒலிகள் அப்படியே கிடக்கும் என்று சொல்வதுண்டு. ஆனால் நமக்குக் கூடுதல் வெட்கம் ஒன்று இருக்கிறது. ரோலண்ட் கருவிகள் பலவற்றைத் திருப்பிப் பாருங்கள், 'மேட் இன் மலேசியா' என்றிருக்கும். நம் நாட்டுத் தொழிற்சாலையில் பூட்டிய பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரியாது.

இலக்கியக்காரர்கள் சிரிக்க வேண்டாம். ரப்பர் மரம், கள்ளுக்கடை, குடிகார அப்பா, இருமும் அம்மா. நம் தோட்டக் கதைகளிலும் எத்தனை, நம்பர் அமுக்கி எடுத்த டோன்கள்?

செய்து முடித்த நாதஸ்வர ஒலியை ஒரு திருவிழாவுக்கு முந்தைய ஒத்திகையில் வாசித்தேன். குழுத் தலைவர் கண்ணை மூடிக் கேட்டார். பிடித்துத்தான் இருந்தது. "இது எத்தனாம் நம்பரு?" என்றார். நம்பர் இல்லை, நானே செய்தது என்றேன். "அப்ப வேணாம்பா. நாளைக்கு நீ வரலன்னா வேற பையன் எத அமுக்குவான்?"

அந்தப் பையனுக்காகத்தான் இதை எழுதுகிறேன். எடிட் பொத்தானை அமுக்கு தம்பி. ஒன்றும் வெடிக்காது.