ஊர் கூடி இழுக்க வேண்டிய தேர்

ஆராய்ச்சிக்கும் மேம்பாட்டுக்கும் இந்தியா செலவிடும் தொகை மொத்த உள்நாட்டு உற்பத்தியில் வெறும் 0.64 சதவீதம் என்கிறது 2020-21-ஆம் ஆண்டுக்கான அரசுக் கணக்கு. இந்த நிலையை மாற்ற, ரூ. 1 லட்சம் கோடியிலான ஆராய்ச்சி, மேம்பாடு, புத்தாக்கத் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2025 ஜூலையில் ஒப்புதல் அளித்தது. தனியார் நிறுவனங்களின் ஆராய்ச்சிக்குக் குறைந்த வட்டியிலோ, வட்டியில்லாமலோ நீண்டகாலக் கடன் கிடைக்க வழிசெய்யும் இத்திட்டம் வரவேற்கத்தக்கது. ஆனால், அந்தப் பணம் யாரைச் சென்றடையும் என்கிற கேள்வியும் எழுகிறது.

லூதியானாவில் சைக்கிள் உதிரிபாகம், மோர்பியில் பீங்கான் ஓடு, ஆக்ராவில் காலணி, ஃபிரோசாபாதில் கண்ணாடி வளையல் என்று ஒரே தொழிலை நம்பி வாழும் ஊர்கள் ஏராளம். அங்குள்ள சிறு நிறுவனங்களால் தனித்தனியே ஆய்வுக்கூடம் அமைக்கவும் முடியாது. கடன் வாங்கி, பலன் கிட்டுமா என்று தெரியாத ஆராய்ச்சியில் இறங்கவும் முடியாது. தொழில் ரகசியம் போய்விடுமோ என்கிற அச்சத்தால் பக்கத்து ஆலையுடன் கைகோக்கவும் தயங்குகிறார்கள்.

அந்தத் தயக்கத்தைப் போக்க முடியும் என்பதற்கு ஃபிரோசாபாதே சான்று. தாஜ்மகால் மாசு வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவுகளைத் தொடர்ந்து, அங்குள்ள கண்ணாடி ஆலைகள் நிலக்கரியைக் கைவிட்டு எரிவாயுவுக்கு மாற நேர்ந்தது. நிலக்கரிக்கென்று அமைந்த பழைய உலைகளில் எரிவாயு வீணானது. வெளியேறும் புகையின் வெப்பத்தையே மீண்டும் பயன்படுத்தும் புதிய உலையை தில்லியிலுள்ள டெரி ஆய்வு நிறுவனம் வடிவமைத்து, 2000-ஆம் ஆண்டில் ஓர் ஆலையில் இயக்கிக் காட்டியது. எரிபொருள் மிச்சமாவதைக் கண்ணால் கண்ட மற்ற ஆலைகளும் அதைப் பின்பற்றின.

இதில் வெட்கப்பட வேண்டிய செய்தியும் ஒன்று உண்டு. அந்த ஆய்வுக்குக் கைகொடுத்தது சுவிட்சர்லாந்து அரசின் உதவி நிதி!

சிறுதொழில் குழுமங்களில் பொது வசதி மையங்கள் அமைக்க மத்திய அரசு ஏற்கெனவே மானியம் வழங்குகிறது. அவை பரிசோதனைக்கும் இயந்திரங்களுக்கும் உதவுமே தவிர, புதிய தொழில்நுட்பத்தை உருவாக்கித் தந்துவிடாது. ஜெர்மனியில் 1950-களிலிருந்தே வேறொரு வழிமுறை நடைமுறையில் உள்ளது. சிறு நிறுவனங்கள் தங்கள் தொழில் சங்கங்களின் வழியே பொதுவான சிக்கலை முன்வைக்கின்றன. அரசு நிதியில் ஆய்வகங்கள் தீர்வு காண்கின்றன. முடிவு அந்தத் தொழிலில் உள்ள அனைவருக்கும் கிடைக்கிறது. பொதுப் பணத்தில் நடக்கும் ஆராய்ச்சியின் பலன் பொதுவில் இருப்பதுதானே முறை?

எனவே, ஒரு லட்சம் கோடியில் ஒரு பங்கையேனும் தொழில் குழுமங்களின் கூட்டு ஆராய்ச்சிக்கென்று ஒதுக்க வேண்டும். அதுவும் கடனாக அல்ல, மானியமாக. அறிவியல், தொழில் ஆராய்ச்சி மன்றத்தின் ஆய்வகங்கள் இந்த ஊர்களைத் தேடிச் செல்ல வேண்டும்.

கடன் பெறும் தகுதி உள்ளவர்களுக்கு மட்டுமே ஆராய்ச்சி என்றானால், பெரு நிறுவனங்கள் மேலும் வளரும். உலைக்கு முன்னால் வேகும் தொழிலாளியின் நிலை மாறாது. தேர் நகர வேண்டுமானால் ஊர் கூட வேண்டும். வடம் பிடிக்க ஊரை அழைக்க வேண்டியது அரசின் கடமை.