வழியனுப்பும் பாட்டு யாருடையது?

ஜப்பான் நாட்டில் கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிகிறது. மார்ச்சுத் திங்களில் பள்ளிதோறும் பிரிவு விழா நடைபெறும். சான்றிதழ் வழங்கலும் உண்டு, தலைமையாசிரியர் உரையும் உண்டு. ஆனால் கண்கள் கலங்குவது என்னவோ பாட்டின்போதுதான். அந்தப் பாட்டு எது என்பது காலத்துக்குக் காலம் மாறி வந்திருக்கிறது. அம்மாற்றத்தில் ஒரு நியாயம் உண்டென்பது என் துணிபு. அதைச் சொல்லவே இக்கட்டுரை.

மெய்ஜி அரசு மேனாட்டுக் கல்வியைத் தழுவியபோது இசையையும் விட்டுவைக்கவில்லை. 1879-இல் இசை ஆய்வுக்கென ஓர் அமைப்பை நிறுவியது. மறு ஆண்டு லூதர் மேசன் என்னும் அமெரிக்க இசையாசிரியர் வந்து சேர்ந்தார். அம்முயற்சியின் பயனாக 1881 முதல் 1884 வரை மூன்று பள்ளிப் பாட்டு நூல்கள் உருவாயின. பிரிவு விழாவின் இரு பழம்பாட்டுகளும் இவற்றில் பிறந்தவையே.

முதலாவது ‘ஹோதரு நோ ஹிகாரி’. மின்மினியின் ஒளி என்று பொருள். மெட்டு ஸ்காட்லாந்து நாட்டுடையது, கருத்து சீனத்தினுடையது. விளக்குக்கு எண்ணெய் வாங்க வழியற்ற இரு மாணாக்கரில் ஒருவர் மின்மினிகளைப் பிடித்து அவற்றின் ஒளியிலும், மற்றவர் உறைபனியின் வெளிச்சத்திலும் படித்தனர் என்பது பழங்கதை. எத்துணை அழகான தொடக்கம்! ஆனால் பின்வரும் பத்திகளோ நாட்டின் எல்லைத் தீவுகளையும் அவற்றைக் காக்கும் கடமையையும் பேசுகின்றன. இரண்டாம் உலகப் போருக்குப்பின் அவற்றைப் பாடும் வழக்கம் போயிற்று. இன்று இம்மெட்டு கடைகளில் கதவடைக்கும் நேரத்தை அறிவிக்கவும் ஒலிக்கிறது. கேட்டவுடன் பொருள்களை எடுத்துக்கொண்டு வாயிலை நோக்கி நடக்க வேண்டியதுதான்!

இரண்டாவது பாட்டைப் பற்றித்தான் சற்று விரிவாகப் பேச வேண்டும். ‘அவோகெபா தோதோஷி’ என்பது அதன் பெயர். அண்ணாந்து நோக்கும்தோறும் ஆசிரியரின் பேரருள் உயர்ந்து தோன்றுகிறது என்பது அதன் சாரம். 1884-இல் வெளிவந்த இதன் மெட்டு யாருடையது என்பது நெடுங்காலம் விளங்காமலே இருந்தது. 2011-இல் பேராசிரியர் சகுராய் மசாதோ அதன் மூலத்தைக் கண்டறிந்து வெளியிட்டார். 1871-இல் அமெரிக்காவில் அச்சான ஒரு பாட்டு நூலில் அது இருந்தது. அங்கும் அது பள்ளி முடிவில் பாடும் பாட்டே. ஆயினும் ஒரு வேறுபாடு. அமெரிக்கப் பாட்டில் பிள்ளைகள் தோழர்களிடமும் வகுப்பறையிடமும் விடைபெறுகின்றனர். கடல் கடந்து வந்தபோது ஆசிரியரின் பெருமை முன்னிடத்தைப் பிடித்துக்கொண்டது. இரண்டாம் பத்தியில், உலகில் உயர்ந்து பெயரெடுக்க வேண்டும் என்ற அறிவுரையும் ஏறிக்கொண்டது.

போருக்குப்பின் அந்த இரண்டாம் பத்தியைப் பல பள்ளிகள் விட்டுவிட்டன. பின்னர், பழநடை பிள்ளைகளுக்கு விளங்கவில்லை, ஆசிரியர் தம்மைத் தாமே புகழச் செய்வதாக இருக்கிறது என்ற குறைகள் எழ, பாட்டையே கைவிட்ட பள்ளிகளும் பல.

இங்கே ஆசிரியப் பெருமக்கள் என்னைப் பொறுத்தருள வேண்டும். மாதா, பிதா, குரு, தெய்வம் என்று கேட்டு வளர்ந்தவன்தான் நானும். நன்றி மறந்தவன் மாணவனே அல்லன். ஆயினும் அரசு அச்சிட்டுத் தந்து, வரிசையில் நிறுத்திப் பாடச் சொல்லும் நன்றி, பிறர் எழுதிய கடிதத்தில் நாம் கையொப்பம் மட்டும் இடுவதைப் போன்றது. பாட்டின்மேல் எனக்குப் பகையில்லை. 1954-இல் கினோஷிதா கெய்சுகே இயக்கிய ‘இருபத்து நான்கு கண்கள்’ என்னும் திரைப்படத்தில் இதே பாட்டு ஒலிக்கும்போது நெஞ்சு உருகுகிறது. ஒரு சிறு தீவின் ஆசிரியை, அவரிடம் படிக்கும் பன்னிரண்டு குழந்தைகள், அவர்களுட் சிலரைக் கொண்டுபோகும் போர். பாட்டின் சொற்களை அந்த அம்மையார் வாழ்ந்து காட்டிவிடுகிறார், வேறென்ன வேண்டும்?

கட்டளையால் வரும் பாட்டு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கும் அந்நாட்டிலேயே சான்று உண்டு. பிரிவு விழாக்களில் கொடியை நோக்கி எழுந்து நின்று நாட்டுப்பாடலைப் பாட வேண்டும் என்று தோக்கியோ கல்வி வாரியம் 2003-இல் ஆணையிட்டது. எழ மறுத்த ஆசிரியர்கள் தண்டிக்கப்பட்டனர். ஆண்டுகள் செல்லச் செல்ல அவர்கள் தொகை நானூறைத் தாண்டியது. ஆணை அரசியலமைப்புக்கு முரணன்று என 2011-இல் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. சட்டப்படி அது சரியாகவே இருக்கட்டும். பிள்ளைகள் விடைபெறும் நாளில் யார் எழுந்தார், யார் எழவில்லை என்று எண்ணிக்கொண்டிருப்பது விழாவுக்கு அழகா?

இதற்கு நேர்மாறாக ஒன்று சொல்வேன். சைதாமா மாகாணத்துச் சிச்சிபு நகரில் காகெமோரி என்றொரு நடுநிலைப் பள்ளி. 1991-இல் அங்கு இசையாசிரியையாக இருந்த சகாமோட்டோ ஹிரோமி, விடைபெறும் மாணவர்க்கு உலகில் ஒரே ஒரு பாட்டைப் பரிசாகத் தர விரும்பித் தலைமையாசிரியர் கோஜிமா நொபோருவிடம் சொற்கள் எழுதித் தரக் கேட்டார். தமக்கு அத்திறமை இல்லையென்று முதலில் மறுத்தவர், மறுநாட் காலை எழுதிய தாளை அவர் மேசைமேல் வைத்திருந்தார். அம்மையார் உடனே மெட்டமைத்தார். வழியனுப்பு விழாவில் ஆசிரியர்கள் மேடையேறிப் பாட, மாணவர்கள் அமர்ந்து கேட்டனர். ஒருமுறை பாடுவதற்கென்றே பிறந்த அந்தத் ‘தபிதாச்சி நோ ஹி நி’, அதாவது ‘புறப்படும் நாளில்’, பின்னர் அச்சேறி நாடெங்கும் பரவியது. இப்பாட்டில் மலையும் வானும் சிறகும் வருகின்றன. தோழர் நினைவு வருகிறது. ஆசிரியர் வரவேயில்லை! எழுதியவர் தலைமையாசிரியர்; பாடியவர்கள் ஆசிரியர்கள்; எனினும் தமக்கென ஒரு சொல்லும் அவர்கள் வைத்துக்கொள்ளவில்லை. அதே ஆண்டு கோஜிமாவும் ஓய்வு பெற்றார்.

மெல்லிசைப் பாட்டுகளும் விழா மேடைக்கு வந்துவிட்டன. நண்பரின் திருமணத்துக்கென எழுதி 2004-இல் வெளியான ‘மார்ச்சு 9’ என்ற பாட்டு இப்போது பிரிவு விழாப் பாட்டாகி நிற்கிறது. மாணவர் தாமே தேடி எடுத்தது என்ற ஒன்றுக்காகவே நான் அதை வரவேற்பேன்.

பழம்பாட்டு மறைவது பண்பாட்டுக்கு இழப்பு என்போர் கூற்றை முற்றிலும் மறுப்பதற்கில்லை. அது மறைய வேண்டாம். முறை மட்டும் மாறட்டும்: முதலில் ஆசிரியர் பாடட்டும், பின்னர் மாணவர் பாடட்டும். அவர்கள் பாடப்போவது எதுவென்று அவர்களையே கேட்டுக்கொண்டு, அதன்பின் நிகழ்ச்சி நிரலை அச்சகத்துக்கு அனுப்பலாம்.