எது பாரம்?

அமெரிக்காவின் கொலராடோ மலைகளில் எஞ்சின் பூட்டிய பனிவண்டி ஓட்டுவோர் பலர், கடையில் வாங்கிய வண்டியைப் பிரித்து மலைக்கேற்ப மாற்றுகிறார்கள். முதலில் எஞ்சினில் கை வைப்பது தவறு என்பேன். (நம் மெக்கானிகல் நண்பர்களும் குதிரைத்திறனைத்தான் முதலில் கேட்பார்கள்!) புதுப்பனி மாவு போன்றது, மிதக்காத வண்டிக்கு வலுவைக் கூட்டினால் குழிதான் ஆழமாகும். 137 அங்குல ரப்பர்ப் பட்டையைக் கழற்றி, இரண்டரை அங்குலப் பல்லுள்ள 154 அங்குலப் பட்டையைப் பூட்டட்டும். அதைத் தாங்கும் சட்டத்தையும் நீட்டட்டும். 10,000 அடி உயரத்தில் காற்று மெலிந்து, சாதாரண எஞ்சின் ஏறத்தாழ 30 சதவிகித வலுவை இழக்கும்; அதற்கேற்பக் கிளட்ச் எடைகளைக் குறைக்கவேண்டும்.

பாரம் குறையவென்று எதை வேண்டுமானாலும் கழற்றட்டும். மண்வாரியையும் துழாவுகோலையும் வீட்டில் விட்டுப் போவதைத்தான் பொறுக்க முடியவில்லை. பனிச்சரிவில் புதைந்த தோழனுக்குக் கால்மணி நேரம் கடந்தால் நம்பிக்கை விரைந்து தேயும். அவ்விரண்டும் சேர்ந்து நான்கு ராத்தல்கூட இரா.